நரிக்கு என்ன நிறம்?

பாட்டி வடை சுட்ட கதையை அறிந்த எவரையாவது நிறுத்தி, அந்தப் பாட்டியின் சேலை என்ன நிறம், காகம் போய் உட்கார்ந்தது வேப்பமரத்திலா புளியமரத்திலா, நரி கொழுத்த நரியா பட்டினி கிடந்த நரியா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றே யோசித்து, எப்போதோ பாடப்புத்தகத்தில் பார்த்த சித்திரத்தை மனத்தில் வரவழைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு பதில் சொல்வாரேயன்றிக் கதையிலிருந்து எடுத்துச் சொல்ல மாட்டார். ஏனெனில் கதையில் அந்த விவரங்கள் கிடையா. மேலே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. மேலே இருப்பதன் வாயிலுள்ள பண்டம் கீழே இருப்பதற்கு வேண்டியிருக்கிறது. எட்டிப் பறிக்க முடியாத உயரத்தை வெறும் வார்த்தையால் கடந்தாக வேண்டும். இவ்வளவுதான் கதை. எத்தனையோ தலைமுறைகளாகச் சேலையும் மரமும் சொல்லுகிறவர் மனம்போல மாறிக்கொண்டு வந்திருந்தும், இந்த மேலும் கீழும் மட்டும் மாறவேயில்லை.

அப்படியானால் கதைக்குப் படம் போடுகிறவர் எதைப் போட வேண்டும் என்ற கேள்வி சில காலமாக என்னை விடாமல் தொந்தரவு செய்துவருகிறது. கேள்விக்குக் காரணம், வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் பார்த்துவிட்டுத் தரும்படி கொடுத்த ஒரு புத்தகம். புத்தகம் என்று சொல்வதற்கே சிறிது துணிவு வேண்டும். அதில் படிப்பதற்கென்று கதைவாசகம் ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், எங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த இராயவரம், அந்நாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தையும் இந்நாளில் புதுக்கோட்டை மாவட்டத்தையும் சேர்ந்தது. ‘சக்தி’ பத்திரிகையையும் சக்தி காரியாலயத்தையும் நடத்திய வை. கோவிந்தனும் அதே இராயவரத்துக்காரர்தாம். வள்ளியப்பா சென்னைக்குப் போய் முதலில் வேலை பார்த்தது அந்தச் சக்தி காரியாலயத்தில். இந்தியன் வங்கி உத்தியோகமெல்லாம் அதற்குப் பின்பு. 1944-இல் ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’ என்று குழந்தைகளுக்கான பத்திரிகைகள் பலவற்றுக்கு அவர் கௌரவ ஆசிரியராக இருந்தார்; 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியதற்கும் அவரே முதற்காரணம். ஒரு சிறிய செட்டிநாட்டு ஊரிலிருந்து இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறதே என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் துணைவியார் டோரதியும் உருவாக்கிய ஞானாலயா நூலகம், முதற்பதிப்புகளையும் பழைய இதழ்களையும் இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பது இந்த மாவட்டத்துக்கு வாய்த்த இன்னொரு பாக்கியம்.

அக்காலத்துக் குழந்தைப் பத்திரிகைகளின் சித்திரங்களைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அச்சுக்கோத்து அச்சடித்த காலத்தில் ஒரு படத்தை அச்சேற்றுவதென்றால் அதற்குத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்தாக வேண்டும். பிளாக் செய்வதோ செலவு பிடிக்கிற காரியம். ஆகையால் ஒரு முறை செய்த சிங்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, சிங்கமும் முயலும் கதைக்கும் அதையே போட்டு, சிங்கமும் சுண்டெலியும் கதைக்கும் அதையே போட்டு, காட்டு ராஜா கூட்டிய சபைக்கும் அதையே தலைமை தாங்க வைப்பது அச்சகங்களில் சர்வசாதாரணமாக நடந்த விஷயம். படிக்கிற பிள்ளைகள் அதை ஓர் ஆட்சேபமாக எண்ணியதில்லை. கிணற்றில் விழுந்து செத்த சிங்கம் அடுத்த இதழில் எப்படி உயிரோடு வந்தது என்று எந்தப் பிள்ளையும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிராது. திரும்பத் திரும்பப் போடப்பட்ட அந்தப் படம் ஒரு குறிப்பிட்ட சிங்கத்தின் சாயலை இழந்து, பலமுள்ளது, கோபமுள்ளது, ஆனால் ஏமாறக்கூடியது என்பதற்கெல்லாம் ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. சிக்கனத்தால் நேர்ந்த இந்தக் காரியத்தையே ஒரு சுவிஸ் ஓவியர் தம் கலையின் கொள்கையாக வைத்துக்கொண்டார்.

அவர் பெயர் வார்யா லாவாட்டர். 1913-இல் வின்டர்தூரில் பிறந்து, ஜூரிச்சில் வடிவமைப்புக் கலை பயின்று, 2007-இல் காலமானவர். முப்பதுகளின் இறுதியில் ஸ்விஸ் பாங்க் கார்ப்பரேஷனுக்காக அவர் வரைந்த மூன்று சாவிச் சின்னம், இன்றைக்கு யூ.பி.எஸ். என்ற பெயரில் உலகெங்கும் நடக்கும் வங்கியின் முகப்புகளில் தொங்குகிறது. ஒரு சொல்லும் இல்லாமல் ‘உங்கள் பணம் பத்திரமாக இருக்கும்’ என்று சொல்லும் மூன்று சாவிகள். எங்கள் வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ வந்த அதே 1944-இலிருந்து பதினான்கு ஆண்டுகள் ‘ஜெனெஸ்’ என்ற இளைஞர் பத்திரிகைக்கு அட்டையும் எழுத்துருவும் குறியீடும் சித்திரமும் செய்தார். பிறகு நியூயார்க் சென்றவர், அந்நகரத்து வீதிகளில் நாலா பக்கமும் நிறைந்திருந்த விளம்பரக் குறிகளையும் போக்குவரத்துக் குறிகளையும் பார்த்து, எழுத்தறியாதவனும் அந்நிய பாஷைக்காரனும் ஒருங்கே படிக்கக்கூடிய இந்தக் குறிகளால் கதை சொல்ல முடியாதா என்று சிந்திக்கத் தொடங்கினார். 1962-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவருடைய ‘வில்லியம் டெல்’ என்ற மடிப்புப் புத்தகத்தை வெளியிட்டது. 1965-இல் பாரிஸில் அத்ரியான் மேக் பிரசுரமாக வந்தது, நான் சொன்ன புத்தகம்: ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’யின் கதை.

கதை நம்மில் பலருக்குத் தெரியும். காட்டுக்கு அப்பால் நோயாகக் கிடக்கும் பாட்டிக்குப் பலகாரம் கொண்டுபோகும் சிறுமியை வழியில் ஓநாய் சந்திக்கிறது. முந்திப்போய்ப் பாட்டியை விழுங்கி, பாட்டி வேஷத்தில் படுத்திருந்து, சிறுமியையும் விழுங்கிவிடுகிறது. பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1697-இல் அச்சேற்றியபோது கதை அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. 1812-இல் கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் தொகுப்பில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து இருவரையும் மீட்கிறான். லாவாட்டரின் புத்தகத்தில் சிறுமி ஒரு சிவப்புப் புள்ளி. ஓநாய் ஒரு கறுப்புப் புள்ளி. காடு என்பது பச்சைப் புள்ளிகளின் கூட்டம். தொடக்கத்தில், எந்தக் குறி யார் என்று சொல்லும் ஒரு பட்டியல். தேசப்படங்களின் மூலையில் ரயில்பாதைக்கு இன்ன கோடு, ஆற்றுக்கு இன்ன கோடு என்று போட்டிருக்குமே, அந்தவகைப் பட்டியல். அதற்குப் பிறகு எழுத்தே இல்லை. புத்தகம் விசிறி மடிப்பாக ஒரே நீளத் தாள். இழுத்தால் நாலு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு பக்கம் எங்கே முடிந்து மறுபக்கம் எங்கே தொடங்குகிறது என்பதே இல்லாமல், கதை முழுவதும் ஒரே சமயத்தில் கண்ணெதிரே கிடக்கிறது.

அதை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்து வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி வந்தார். எண்பதைக் கடந்தவர், ஐரோப்பியக் கதை எதுவும் அவர் கேட்டிருக்க நியாயமில்லை. குறிப்பட்டியலை நான் விளக்கவுமில்லை. சுவரோரம் கையை ஊன்றிக் குனிந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நடந்து பார்த்துவிட்டு, நடுவில் ஓரிடத்துக்குத் திரும்பி வந்தார்.

“என்ன தம்பி இது, கலர் கலரா பொட்டு வச்சிருக்கு?”

“கதை ஆச்சி. நீங்களே சொல்லுங்க பாப்போம்.”

“இந்தச் செவப்பு தனியாப் போகுது. புதுசாக் கட்டிக் குடுத்த புள்ளயா இருக்கும். இந்தக் கறுப்பு இருக்கே, இது தொணைக்கு வர்றதா எனக்குத் தெரியல. தொரத்தவும் இல்ல. காத்துக்கிட்டுல்ல கெடக்கு.”

ஆச்சி சொன்னதில் விவரம் அத்தனையும் வேறு. சிறுமி மணப்பெண்ணாகிவிட்டாள், காடு, அவர் சொன்னபடி, புகுந்த வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள தோப்பாகிவிட்டது, ஓநாய்க்கு அவர் பெயரே வைக்கவில்லை. ஆனால் கதையின் உயிர்நிலை எதுவோ அதில் அவர் அணுவளவும் பிசகவில்லை. துரத்துகிறதற்கும் காத்துக்கிடக்கிறதற்கும் உள்ள வித்தியாசத்தை, கண்ணும் பல்லும் வாலும் இல்லாத வெறும் கறுப்பு வட்டத்தில், அது தாளில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அவர் படித்துவிட்டார். எத்தனையோ ஓவியர்கள் ஓநாய்க்குக் கோரைப்பல் தீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, பாட்டியின் குல்லாயை மாட்டி, செய்ய முயன்ற காரியம் இதுதான். அந்தப் படங்களைப் பார்க்கிற குழந்தை ஓநாய்க்குப் பயப்படுவதற்குப் பதிலாகக் குல்லாயைப் பார்த்துச் சிரித்துவிடுவதும் உண்டு. உருவம் தெளிவாகத் தெளிவாக அச்சம் குறைந்துபோகிறது என்பது என் அபிப்பிராயம். இருட்டில் கிடப்பது இன்னதென்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறதல்லவா?

லாவாட்டர் இதே முறையில் பின்னர் வெள்ளைப்பனி இளவரசி, சிண்டரெல்லா, கட்டைவிரல் பையன், உறங்கும் அழகி ஆகிய கதைகளையும் செய்தார். ஆனாலும் அந்த வரிசையைப் புகழ்கிற உற்சாகத்தில் ஒரு குறையை மறைப்பது நேர்மையாகாது. இப்புத்தகங்கள் எல்லாம் முன்பே கதை தெரிந்தவருக்கு மட்டுமே முழுமையாகத் திறக்கின்றன. ஆச்சிக்குப் பயம் தெரிந்தது. பாட்டி வேஷம் தெரியவில்லை. ஓநாய் பாட்டியாக நடிக்கிறது என்ற நயத்தைப் புள்ளியால் குறிக்கலாமே தவிரச் சொல்ல முடியாது. பேச்சில் நிகழும் வஞ்சகம் புள்ளிகளுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. அந்த இடத்தைக் கடக்க, வாசகர் தம் பாட்டியிடம் கேட்ட கதையையே கைவிளக்காகக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

குறிப்பட்டியல் தொலைந்துபோனால் குறி என்ன ஆகும் என்பதை அறிய நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. குடுமியான்மலைக்குப் போனால் போதும். அங்கே குகைக்கோயிலை அடுத்த பாறைச்சரிவில் ஏழாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்களின் பெயரெழுத்துகள் வெவ்வேறு உயிரொலிகளோடு வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சில எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் உண்டு. அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்பதில் இன்றுவரை அறிஞர்கள் ஒருமிக்கவில்லை. வெட்டியவருக்கும் அவர் மாணவருக்கும் கண்ட மாத்திரத்தில் தெரிந்த விஷயம். கூடவே சொல்லிக்கொடுத்த வாய் ஓய்ந்ததும், குறி மட்டும் கல்லில் தங்கிவிட்டது. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவியவரிசையைப் பார்த்தபோது எனக்குக் குடுமியான்மலைப் பாறைதான் நினைவுக்கு வந்தது. எழுத்துப் போலவும் ஜாதகக் கட்டம் போலவும் தோன்றி, படிக்கப் போனால் படிக்க இடங்கொடாத கோடுகள்! பணிக்கர் வேண்டுமென்றே பட்டியலைத் தராமல் விட்டவர். லாவாட்டர் பட்டியலைத் தந்துவிட்டு வாசகரைத் தனியே விட்டவர். குழந்தைகளுக்கு உகந்தது இரண்டாவது வழிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

லாவாட்டருக்கு முன்பும் பின்பும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. ருஷ்ய ஓவியரான எல் லிஸிட்ஸ்கி, 1922-இல் பெர்லினில் வெளியிட்ட ‘இரு சதுரங்கள்’ என்ற சிறுவர் புத்தகத்தில், ஒரு சிவப்புச் சதுரமும் ஒரு கறுப்புச் சதுரமும் ஆகாயத்திலிருந்து பூமிக்குப் பறந்து வருகின்றன. பிரசார வாடை பலமாக வீசும் புத்தகம் அது, பக்க அமைப்பின் அழகுக்காக மன்னிக்கலாம். லியோ லியோனி 1959-இல் செய்த ‘சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்’, ரயில் பிரயாணத்தில் பேரப்பிள்ளைகள் தொல்லை தாங்காமல் பத்திரிகைத் தாளைக் கிழித்துச் சொன்ன கதையிலிருந்து பிறந்தது. நீலமும் மஞ்சளும் கட்டிக்கொண்டு பச்சையாகிவிட, இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் தம் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகிற இடம் எந்த வயதினரையும் உருக்கும். இத்தாலியில் புரூனோ முனாரி 1972-இல் சிவப்புத் தொப்பிக்காரியைப் பச்சைத் தொப்பிக்காரியாகவும் மஞ்சள் தொப்பிக்காரியாகவும் மாற்றிக் கதை செய்தார். பிற்பாடு வெள்ளைத் தொப்பிக்காரி என்று ஒன்று செய்து, பனி பெய்து எல்லாவற்றையும் மூடிவிட்டதென்று பக்கங்களையே வெள்ளையாக விட்டுவிட்டார். பரிகாசக்காரர்! காசு கொடுத்து வாங்கியவர் முகத்தை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் கீதா வுல்ஃப் 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ், இந்த வழியை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்யாமல், இந்தியாவின் கிராமத்துச் சுவர்களிலும் தரைகளிலும் தேடி எடுத்தது. அவர்கள் வெளியிட்ட எல்லாம் அரூபச் சித்திரம் என்று சொல்லமாட்டேன். மிருகம் மிருகமாகவே தெரிகிறது. ஆனால் சாயலைக் காட்டிலும் குறியைப் பெரிதாக மதிக்கிற புத்தகங்கள் அவை. கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் ஓர் உணவகத்தின் சுவருக்குச் சித்திரம் தீட்ட லண்டனுக்குச் சென்று திரும்பி, அந்த அனுபவத்தை 2004-இல் ‘லண்டன் ஜங்கிள் புக்’ என்று புத்தகமாக்கினார். அதில் பிக்பென் மணிக்கூண்டு ஒரு சேவலாகவும் இருக்கிறது, மணிக்கூண்டாகவும் இருக்கிறது. அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே. முப்பதாம் நம்பர் பஸ் அவருக்கு விசுவாசமுள்ள நாய். ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையை ‘ஃப்ளைட் ஆஃப் த மெர்மெய்ட்’ என்ற பெயரில் தாரா மறுபடி சொன்னபோதும் சித்திரம் இவருடையதே. டென்மார்க்குக் கடற்கன்னி மத்தியப் பிரதேசத்துக் கோடுகளுக்குள் கொஞ்சமும் கூச்சமின்றி வந்து புகுந்துகொண்டாள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கெல்லாம் பின்னால் 2013-இல் வந்த ‘காபிள் யூ அப்’. ராஜஸ்தானத்து மீனா சமூகத்தைச் சேர்ந்த சுனிதா அதன் ஓவியர். அப்பகுதிப் பெண்கள், துணித்துண்டைச் சுண்ணக் கரைசலில் நனைத்து, விரல்களின் நடுவே பிழிந்து ஒழுகவிட்டு, விரலாலேயே மண்சுவரிலும் தரையிலும் வரையும் மாண்டணா என்ற கலையில் கைதேர்ந்தவர்கள். மாண்டணாவில் விலங்கின் வயிற்றுக்குள் அதன் குட்டியையும் சேர்த்து வரைவது ஒரு சம்பிரதாயம். பசுவின் உருவத்தினுள்ளே ஒரு கன்று, மயிலின் உருவத்தினுள்ளே ஒரு குஞ்சு. அந்தச் சம்பிரதாயத்தை எடுத்துக்கொண்டு, கண்டதையெல்லாம் விழுங்கும் ஒரு சோம்பேறி நரியின் நாட்டுப்புறக் கதைக்குப் பொருத்தியிருக்கிறார்கள். நரி முதலில் தன் நண்பனான கொக்கை விழுங்குகிறது. பிறகு வழியில் எதிர்ப்பட்டவற்றையெல்லாம் விழுங்குகிறது. விழுங்கப்பட்டவை எங்கேயும் போய்விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நரியின் வயிற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொண்டே வருகின்றன. பழுப்புத் தாளில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்; மூன்றாவது நிறம் கிடையாது. தாய்மையைக் காட்டுவதற்கென்று பெண்கள் பல தலைமுறையாகக் கைக்கொண்ட வடிவமே பேராசையைக் காட்டவும் உதவுகிறது என்பதைக் கண்டுபிடித்தவருக்கு எவ்வளவு பெரிய மனச்சுதந்திரம் இருந்திருக்க வேண்டும்!

தாராவின் கைவேலைப் புத்தகங்கள் பருத்தித் துணிக்கழிவிலிருந்து செய்த தாளில், ஒரு நிறத்துக்கு ஒரு சல்லடைச் சட்டமாக ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சாகின்றன. ஒரு நிறம் ஏற்றி, உலர வைத்து, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் அதே தாளை அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் பொருத்தி இழுக்க வேண்டும்; கடைசியில் நூலால் கையால் தைக்க வேண்டும். கறுப்புத் தாளில் அச்சான ‘நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற 2006-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள் முதலில் படிப்பதில்லை, தடவிப் பார்க்கிறார்கள்; மை தாளின்மேல் மெல்லிய மேடாக நிற்கிறது. ஓவியர் நூல் என்று இவற்றைச் சொல்வதன் நியாயம் அங்கேதான் தெரிகிறது: தாளும் மையும் மடிப்பும் தையலும்கூடக் கதைசொல்லிகளாகிவிடுகின்றன. விலை எனக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு நல்ல பட்டுத்துண்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவுதான் என்று மனையாளிடம் வாதாடி ஒரு பிரதி வாங்கியிருக்கிறேன்.

இராயவரத்துப் பெண்களும் சரி, எங்கள் தெருப் பெண்களும் சரி, தினந்தோறும் வாசலில் புள்ளி வைக்கிறார்கள். நேர்ப்புள்ளி, சந்துப்புள்ளி, சிக்குக்கோலத்து இழை என்று அதற்குத் துல்லியமான இலக்கணமும் வைத்திருக்கிறார்கள். சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் முன்மண்டபத்துத் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; உள்ளே கருவறைக் கூரையில், விரிப்பின் வேலைப்பாடு போலச் சதுரமும் வட்டமுமாகத் தீட்டிய பழைய சித்திரம் ஒன்று மங்கிக் கிடக்கிறது, அதற்கு யாரும் கழுத்தை வளைப்பதில்லை. வடிவத்தால் மட்டுமே பேசுகிற பழக்கம் இந்த மண்ணில் இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்க, நம் குழந்தைப் பத்திரிகைச் சித்திரங்கள் மட்டும் ஏன் சேலை மடிப்பையும் மீசை முறுக்கையும் விட்டு வெளியே வரத் தயங்கின? பெரியவர்களின் பத்திரிகைகளில் ஓவியர் ஆதிமூலம் வந்து அந்தத் தயக்கத்தைப் போக்கினார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட கோடுகளை லட்சக்கணக்கானவர்கள் புரியவில்லை என்று சொல்லாமல் பார்த்தார்கள். குழந்தைகளுக்குப் புரியாது என்று யார் சொன்னார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சொல்லிக்கொண்டே இருந்தால் போதாதென்று கோடை விடுமுறையில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒரு காரியம் செய்தோம். வரைபடத்தாளை நீளவாட்டில் வெட்டி, ஒட்டி, விசிறியாக மடித்துக்கொண்டு, பாட்டி வடை சுட்ட கதையைப் புள்ளியாலும் கட்டத்தாலும் சொல்வது என்று தீர்மானம். வடை மஞ்சள் வட்டம், நடுவே ஓட்டை; இதில் விவாதமில்லை. பாட்டிக்கு ஒரு பெரிய வெள்ளை அரைவட்டம், உட்கார்ந்தே இருப்பவள் ஆகையால் கீழ்ப்பாகம் தட்டை என்று ஒரு பையன் காரணத்தோடு சொன்னான். காகம் சிறிய கறுப்பு முக்கோணம். மரத்தை நெடுங்கோடாக்கி அதன் உச்சியில் வைத்தார்கள். நரிக்கு வந்தபோதுதான் சண்டை மூண்டது. பழுப்பு என்றது ஒரு கட்சி. நரி பார்ப்பதற்கு நல்லவன் போல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்கா எப்படி நம்பும், ஆகையால் அழகான நிறம் கொடு என்றது மற்றொரு கட்சி. இந்தச் சர்ச்சையில் உள்ள தத்துவ விசாரத்தின் ஆழத்தை எண்ணி நான் வாயடைத்து நின்றேன். கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாய்சதுரம் என்று சமாதானமாயிற்று.

அதைவிடக் கடினமான இடம் நரியின் புகழ்ச்சி. காகத்தின் குரலைப் பற்றி நரி சொல்லும் பொய்யை எப்படி வரைவது? லாவாட்டரின் புள்ளிகளுக்கு எட்டாது என்று நான் மேலே எழுதிய அதே இடம் இது. பேச்சுக் குமிழி போட்டு எழுதிவிடலாம் என்றான் ஒருவன். எழுத்து கூடாது என்பது விதி. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அதுவரை பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள், மஞ்சள் ஸ்கெட்ச்சை எடுத்து, சாய்சதுரத்திலிருந்து முக்கோணத்தை நோக்கி மேலே மேலே சின்னச்சின்ன மஞ்சள் வட்டங்களாக வைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை.

“இதெல்லாம் வடையா பாப்பா?”

“வடை மாதிரி. பொய் வடை. காக்காவுக்குத் தெரியாது.”

லாவாட்டரிடம் நான் கண்ட குறையை அவள் இரண்டு நிமிஷத்தில் தீர்த்துவிட்டாள் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் வஞ்சகத்தை வரைய வேறு வழி எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அடுத்த மடிப்பில் நிஜ வடை கீழே விழுகிறது. பொய் வடைகள் அந்தரத்தில் அப்படியே நிற்கின்றன. உற்சாகம் தாளாமல் சிங்கமும் முயலும் கதையையும் தொடங்கியிருக்கிறார்கள். அதில் சிங்கமும் கிணற்றுக்குள் தெரியும் சிங்கமும் ஒரே வடிவம், ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருக்க வேண்டும் என்பதுவரை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். முயலை எங்கே வைப்பது என்பதில் இன்னும் ஒருமனப்படவில்லை.

வடைக் கதையை ஒரு நூறு பிரதியாவது அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. சல்லடை அச்சு என்றதும் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை; கல்யாணப் பத்திரிகைகள் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகள் புதுக்கோட்டையிலும் உண்டு. கீழராஜ வீதிப் பக்கம் ஒரு கடையில் தாளைக் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். கடைக்காரர் நெடுநேரம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

“கலரெல்லாம் சரிண்ணே. மேட்டர் எங்க?”

“இதுதான் மேட்டர்.”

“பேரு, தேதி, இடம் ஒண்ணும் இல்லையே?”

கதையைச் சொன்னேன். பொய் வடைக்கு வந்ததும் சிரித்துவிட்டு, உள்ளே வேலையாக இருந்த பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தொழிலுக்குத் திரும்பி, மஞ்சள், கறுப்பு, ஆரஞ்சு, மரத்துக்குப் பச்சை என்று நாலு கலர், நாலு ஃபிரேம், பாட்டிக்கு வெள்ளை வேண்டுமானால் தாளைப் பழுப்பாக எடுத்துக்கொண்டு வெள்ளையை ஐந்தாவதாக ஏற்ற வேண்டும், இத்தனை நீளத் தாள் தம் மேஜையில் படுக்காது, மூன்று துண்டாக அடித்து ஒட்டித்தான் ஆக வேண்டும், ஒட்டுகிற இடம் மரத்தின்மேல் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது என்றெல்லாம் விரலை மடக்கிச் சொன்னார். இப்போது முகூர்த்த நாட்கள் நெருக்கம், மூச்சுவிட நேரமில்லை. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, கடை சும்மாதான் இருக்கும், அப்போது வாருங்கள், செய்து தருகிறேன் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.